டியூஷன் மையத்துக்கு ஓர் இணையத்தளம்: எளிதாகவும் எவருக்கும் எட்டும்படியும் அமைக்கும் வழி

கோலாலம்பூரில் தமிழர்கள் நடத்தும் டியூஷன் மையங்கள், ஆலயங்கள், நடனப் பள்ளிகள், வட்டார மன்றங்கள் ஆகியவற்றின் இணையத்தளங்களைப் பெரும்பாலும் அந்த அமைப்பிலேயே இருக்கும் கணினி தெரிந்த ஓர் இளைஞரோ, ஓய்வு நேரத்தில் செய்து கொடுக்கும் ஓர் உறவினரோதான் உருவாக்குகிறார். அவர் கையில் கொடுக்கப்படுவது ஒரு சின்னமும் சில புகைப்படங்களும் "அழகாக இருக்க வேண்டும்" என்ற ஒரு வாக்கியமும் மட்டுமே. யார் வருவார்கள், எதற்காக வருவார்கள், வந்தவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போனார்களா என்பதையெல்லாம் யாரும் அவரிடம் பேசுவதில்லை. இந்த வழிகாட்டி அவருக்காக எழுதப்பட்டது. நிரல் எழுதத் தெரியாமல் ஆயத்த வார்ப்புருவைக் கொண்டு தளம் அமைப்பவரும் இதில் சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதியைச் செய்துவிட முடியும். எடுத்துக்காட்டாக, செந்தூலில் இயங்கும் ஒரு டியூஷன் மையத்தை மனத்தில் கொள்வோம்: தொடக்கப்பள்ளி மாணவர் முதல் எஸ்பிஎம் என்னும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுவோர் வரை அங்கே படிக்கிறார்கள், இனிப் பதிவும் கட்டணமும் இணையம் வழியே நடக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது.

எதை வைத்து அளக்கப் போகிறோம் என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9241-11 என்னும் அனைத்துலகத் தர ஆவணம், பயன்பாட்டு எளிமையை மூன்று வகையில் பார்க்கிறது: வந்தவர் தம் வேலையைச் சரியாக முடித்தாரா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின, முடித்தபின் மனநிறைவோடு இருந்தாரா. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குபவர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஆகியோரையும் சேர்த்து இதே கேள்விகளைக் கேட்கும்போது அது அணுகல் ஆகிறது. அணுகலுக்கான நெறிகளை டபிள்யூ3சி என்னும் வலைத்தர அமைப்பு 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. பின்னர் 2008இல் 2.0, 2018இல் 2.1, 2023 அக்டோபரில் 2.2 எனப் பதிப்புகள் வந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்று அதில் மூன்று நிலைகள் உண்டு. நடுவில் உள்ள ஏஏ நிலையை இலக்காகக் கொள்வதே பரவலான வழக்கம், நம் மையத்துக்கும் அதுவே பொருந்தும். மலேசியாவில் 685ஆம் சட்டமாகிய 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவலையும் தகவல்தொடர்புத் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்கு இணையாக அணுகும் உரிமையைத் தன் 30ஆம் பிரிவில் சொல்கிறது.

முதலில் வேலைகளை எழுதுங்கள்

மையத்தின் அலுவலகக் கைப்பேசியைக் கவனிப்பவருடன் உட்கார்ந்து, கடந்த சில மாதங்களில் பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விகளை, பெயர்களை விட்டுவிட்டு, ஒரு தாளில் எழுதுங்கள். "நான்காம் ஆண்டுக்குக் கணிதம் எந்த நாள், சேர்?", "இரண்டு பிள்ளைகள் என்றால் கழிவு உண்டா?", "தீபாவளி வாரத்தில் வகுப்பு நடக்குமா?", "கார் நிறுத்த இடம் இருக்கிறதா?", "பணம் போட்டுவிட்டேன், ரசீது எங்கே?" என்று அவை வரும். ஒரே கேள்வி திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடுகள் அதிகம் விழுந்த கேள்விகளுக்கான பதில்களே முகப்புப் பக்கத்தில் இருக்க வேண்டியவை. நிறுவனரின் வரவேற்புரை, தூரநோக்கு, தானாக நகரும் சாதனைப் படங்கள் ஆகியவற்றை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவை உள்ளே வேறொரு பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். இதற்கு நிர்வாகக் குழுவில் எதிர்ப்பு எழத்தான் செய்யும். அப்போது வாதாடுவதைவிட அந்தத் தாளை மேசையில் வைப்பது விரைவாகப் பலன் தரும்.

அடுத்து, வருபவர்களை எழுதுங்கள். வயதையும் வருமானத்தையும் எழுதுவதால் பயன் குறைவு. அவர் எந்த நிலையில், எந்தக் கருவியோடு, எந்த மொழியில் வருகிறார் என்று எழுதுங்கள். வேலை முடிந்து எல்ஆர்டி ரயிலில் நின்றபடி ஒரு கையால் கம்பியையும் மறுகையால் கைப்பேசியையும் பிடித்திருக்கும் தாய் ஒருவர். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத் தமிழ் மட்டும் படிக்கும் பாட்டி ஒருவர். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசினாலும் தேசியப் பள்ளியில் படித்ததால் மலாயில்தான் வாசிக்கக்கூடிய தந்தை ஒருவர். பார்வையற்றவராக இருந்து, திரையில் உள்ளதைக் குரலாக ஒலிக்கும் திரைவாசிப்பானைக் கொண்டு கைப்பேசியை இயக்கும் பெற்றோர் ஒருவர். கடைசியாகச் சொன்னவர் அரிதாகத்தான் வருவார் என்று யாராவது சொன்னால், மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இலிருந்து இந்நகரில் இயங்கிவருவதையும், பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் வெள்ளைக் கோலுடன் வேலைக்குச் செல்வோரை நாம் அன்றாடம் காண்பதையும் நினைவூட்டலாம்.

பின்னர் முக்கியமான நான்கு ஐந்து வேலைகளைத் தொடக்கமும் முடிவும் தெரியும்படி வாக்கியமாக்குங்கள். "பதிவு செய்தல்" என்று மட்டும் எழுதினால் எங்கே முடிகிறது என்பது தெரியாது. "தன் மகளை ஐந்தாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் சேர்க்க விரும்பும் ஒருவர், முகப்பிலிருந்து தொடங்கி, பணம் செலுத்தி, பதிவு எண் கையில் கிடைக்கும் வரை" என்று எழுதினால், தளம் உருவான பிறகு அதே வாக்கியத்தை அப்படியே சோதனைக்குப் பயன்படுத்தலாம்.

எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

நம்மவர் தளங்களில் மிகுதியாகக் காணப்படும் தடை, தகவல் முழுவதும் படமாக இருப்பதுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்த சுவரொட்டியை அப்படியே தளத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். மேலே முருகன் படம், இருபுறமும் மயில், நடுவில் அடர்ந்த எழுத்தில் தேதி, நேரம், உபயதாரர் பட்டியல், அடியில் தொலைபேசி எண்; டியூஷன் மையம் என்றால் முருகனுக்குப் பதிலாக சரஸ்வதி. கைப்பேசியில் பார்ப்பவர் இரண்டு விரலால் விரித்து இங்குமங்கும் இழுத்துப் படிக்க வேண்டும். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. தேடுபொறியில் வகுப்பின் பெயரைத் தேடுபவருக்கு இது அகப்படுவது கடினம். திரைவாசிப்பான் அங்கே வந்ததும் "படம்" என்றோ, கோப்பின் பெயரான ஏதோ ஓர் எண் வரிசையையோ சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அட்டவணையைத் தட்டச்சு செய்யாமல் வருடிய பிடிஎஃப் கோப்பாகப் போடுவதும் இதே வகைதான்.

சுவரொட்டியை எடுத்துவிட வேண்டியதில்லை. அதிலுள்ள தகவல் அனைத்தையும் அதற்குக் கீழே தட்டச்சு செய்த உரையாகக் கொடுங்கள். அதன்பின், படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையில் "ஜூன் மாத வகுப்பு அட்டவணைச் சுவரொட்டி, விவரம் கீழே" என்று எழுதினால் போதும். மற்றப் படங்களுக்கு மாற்று உரை எழுதும்போது, அந்தப் படம் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மையத்தின் நுழைவாயிலைக் காட்டும் படம் வழி கண்டுபிடிப்பதற்கு என்றால், "முதல் மாடிக்குப் போகும் படிக்கட்டு, மளிகைக் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவில்" என்பது நல்ல மாற்று உரை. ஓரத்தில் அழகுக்காக இருக்கும் கோலத்துக்கு மாற்று உரையைக் காலியாக விட்டுவிடுங்கள்; திரைவாசிப்பான் அதைத் தாண்டிச் செல்லும்.

பழைய எழுத்துருக்கள் பற்றி ஒரு சொல். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களை ஒட்டினால், கணினியைப் பொறுத்தவரை அது ரோமன் எழுத்துகளின் கோவைதான். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும், திரைவாசிப்பானும் அப்படியே ஒலிக்கும். எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் யூனிகோடு குறிமுறைக்கு மாற்றிய பின்னரே ஏற்றுங்கள். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தட்டச்சு செய்வதற்கும் தடையில்லை: இந்நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறை மேக் கணினியில் உள்ளமைந்தே வருகிறது.

ஒவ்வொரு பக்கத்திலும் முதன்மை மொழி எது என்பதை ஹெச்டிஎம்எல் நிரலில் குறிப்பது ஏஏ நிலையை எட்ட விரும்பும் எந்தத் தளத்துக்கும் கட்டாயம். தமிழ்ப் பக்கத்தின் நடுவில் ஒரு பத்தி மலாயில் இருந்தால், அந்தப் பத்தியின் மொழியையும் தனியே குறிக்க வேண்டும். குறித்தால்தான், பொருத்தமான குரல் நிறுவப்பட்டிருக்கும் திரைவாசிப்பான் தமிழைத் தமிழ்க் குரலிலும் மலாயை மலாய்க் குரலிலும் படிக்கும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளின் முன் தடுமாறும், அல்லது பேசாமலே கடந்துபோகும். மொழி மாற்றும் பொத்தானில் கொடிகளை வைக்காதீர்கள். தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியை வைப்பது? ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். கட்டணப் பக்கத்தில் நின்று மலாயைத் தேர்ந்தெடுத்தவரை மலாய்க் கட்டணப் பக்கத்துக்கே கொண்டு செல்லுங்கள், முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள்.

நிறமும் அளவும்

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிமாறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடாமல் எண்ணால் அளக்க வேண்டும். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கும் பொத்தான், குறியீடு போன்றவற்றின் அடையாளத்துக்கும் 3:1 என்பது ஏஏ நிலையின் வரம்பு. இரண்டு நிறங்களின் எண்ணைக் கொடுத்தால் விகிதத்தைக் கணித்துச் சொல்லும் கருவிகள் இணையத்தில் ஏராளம். வரம்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற சாம்பல் நிறம் 4.48 பெற்றுத் தோற்கிறது, 767676 என்ற சாம்பல் 4.54 பெற்றுத் தேறுகிறது. நமக்குப் பிடித்த மஞ்சளும் சிவப்பும் இதில் ஏமாற்றும். தூய மஞ்சள் மீது தூய சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிவதாகத் தோன்றினாலும் விகிதம் 3.7 தான், சிவப்பை 800000 என்ற கருஞ்சிவப்பாக மாற்றினால் அது 10ஐத் தாண்டிவிடுகிறது. மங்கலமும் போகாது, பாட்டிக்கும் தெரியும்.

தமிழ் எழுத்து, அதே அளவு எண்ணில் ரோமன் எழுத்தைவிட நெருக்கமாகத் தெரியும். ஆகவே பத்தி எழுத்தை 18 பிக்சலுக்குக் குறையாமலும், வரி இடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் குறையாமலும் வைப்பது என் பரிந்துரை. இது தர ஆவணத்தில் உள்ளதன்று, படித்துப் பார்த்த பழக்கத்தில் சொல்வது. சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். பொத்தான்களில் நீண்ட வினைச்சொற்களை வைத்தால் சிறிய திரையில் பாதிச்சொல் அடுத்த வரிக்கு விழும் அல்லது வெட்டுப்படும். "பதிவுசெய்துகொள்ளுங்கள்" என்பதற்கு "பதிவு" என்றாலே போதும். தொடுவதற்கான பரப்பு 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சலாவது இருக்க வேண்டும் என்று 2.2 பதிப்பு ஏஏ நிலையில் கேட்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருவிரலால் தொடும் தாய்க்கு அது போதாது. ஏஏஏ நிலை சொல்லும் 44க்கு 44 என்ற அளவையே முக்கியப் பொத்தான்களுக்குக் கொடுங்கள்.

பக்கத் தலைப்பு, உட்தலைப்பு ஆகியவற்றை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தலைப்பு என்றே நிரலில் குறியுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் ஒரு நீண்ட பக்கத்தில் தமக்கு வேண்டியதைத் தேடுவார்கள். இனி, ஆலயத் தளங்களில் பக்கம் திறந்ததும் பாட்டு ஒலிப்பதைப் பற்றி: மூன்று விநாடிக்கு மேல் தானாக ஒலிக்கும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது அடிப்படையான ஏ நிலையிலேயே உள்ள விதி. காரணம் எளிது, பாட்டுச் சத்தத்தில் திரைவாசிப்பானின் குரல் அமுங்கிவிடும், நிறுத்தும் பொத்தானைத் தேடவும் அந்தக் குரல்தான் வேண்டும்.

பதிவுப் படிவம்

படிவத்தில்தான் மக்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதால் இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஆயத்த வார்ப்புருக்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்து இரண்டையும் கட்டாயமாக்குகின்றன. கவின் ஏ/எல் முருகன் (ஏ/எல் என்பது மலாயில் "மகன்" என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் குடும்பப் பெயர் எது? தந்தை பெயரை அங்கே போட்டால் சான்றிதழில் பையன் "திரு முருகன்" ஆகிவிடுவான்; போடாவிட்டால் படிவம் நகராது. ஒரே கட்டத்தில் எழுதலாம் என்று முயன்றால், "ஏ/எல்" நடுவில் உள்ள சாய்கோட்டைப் பார்த்துத் "தகாத எழுத்து" என்று படிவம் மறுக்கும். மலேசிய இந்தியர்களில் பெரும்பாலோரின் அடையாள அட்டையில் இருக்கும் குறியை மலேசியத் தளமே ஏற்க மறுப்பது வேடிக்கைதான், ஆனால் அடிக்கடி நடக்கிறது. "முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி" என்ற ஒரே நீளமான கட்டம் வையுங்கள். சாய்கோடு, புள்ளி, மேற்கோட்டுக்குறி, @ குறி என அனைத்தையும் ஏற்கச் செய்யுங்கள்.

அடையாள அட்டை எண் கேட்பதற்கு முன்னர் அது உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். வகுப்பில் சேர்க்க ஆண்டும் பாடமும் போதுமென்றால் எண்ணைக் கேட்காமல் விடுவதே சிறப்பு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்க வேண்டிய சுமையும் குறையும். தேவை என்றால், ஆறு, இரண்டு, நான்கு எனப் பிரிந்து நிற்கும் அந்தப் பன்னிரண்டு இலக்கங்களை இடைக்கோட்டுடன் எழுதினாலும் இல்லாமல் எழுதினாலும் ஏற்றுக்கொண்டு, கோட்டை நீக்கும் வேலையைக் கணினியிடம் விடுங்கள். முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதியைச் சொல்வதால் அதை மீண்டும் கேட்காதீர்கள். ஒரே நடைமுறையில் ஒருமுறை கொடுத்த தகவலைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது 2.2 பதிப்பில் புதிதாக வந்த விதிகளுள் ஒன்று.

ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் கட்டத்துக்கு மேலே நிலையாக இருக்க வேண்டும். உள்ளே மங்கலாகத் தெரிந்து, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும் குறிப்பை மட்டும் நம்பினால், நடுவில் பிள்ளை கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்து வந்தவர் எந்தக் கட்டத்தில் எதை எழுதினார் என்பதை மறந்துவிடுவார். எண் கேட்கும் கட்டத்தில் எண்பலகை தோன்றட்டும். பிழைச் செய்தியை அந்தந்தக் கட்டத்தின் அருகிலேயே, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதத்தில் எழுதுங்கள். "தவறான உள்ளீடு" என்பதால் எவருக்கும் பயனில்லை. "கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது, 01இல் தொடங்கி முழு எண்ணையும் எழுதுங்கள்" என்றால் அவரே திருத்திக்கொள்வார். சிவப்புக் கோட்டை மட்டும் வைத்துப் பிழையை உணர்த்தாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அது தெரியாது. பிழை வந்தால் ஏற்கெனவே நிரப்பியவை அழியக்கூடாது.

பணம் செலுத்தும் கட்டத்தைத் தனியாகச் சோதியுங்கள். பணம் செலுத்துவதற்கான டுயிட்நவ் கியூஆர் குறியைத் தளத்தில் காட்டும்போது, அதே கைப்பேசியில் தளத்தைப் பார்ப்பவர் எந்தக் கருவியைக் கொண்டு அதை வருடுவார் என்று யோசிப்பவர்கள் குறைவு. படத்தைச் சேமித்து வங்கிச் செயலியில் திறக்க வேண்டும் என்று எழுதி, வங்கிக் கணக்கு எண்ணையும் நகலெடுக்கக்கூடிய உரையாகக் கொடுங்கள். எஃப்பிஎக்ஸ் என்னும் இணைய வங்கிக் கட்டண முறை வழியே செலுத்துபவர் தம் வங்கியின் பக்கத்துக்குப் போய், செயலியில் ஒப்புதல் கொடுத்து, திரும்பி வருவதற்குள் உங்கள் தளம் "நேரம் முடிந்தது" என்று சொல்லிப் படிவத்தைத் துடைத்துவிட்டால் அவர் இரண்டாம் முறை வரமாட்டார், அலுவலகத்துக்குத்தான் அழைப்பார். நேர வரம்பு இருந்தே ஆக வேண்டும் என்றால், முடியும் முன் எச்சரித்து, எளிய ஒரு தொடுதலில் நீட்டிக்கொள்ள வழி செய்யுங்கள். போக்குவரத்து விளக்குகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படப்புதிரை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் பதிவு எண்ணைத் திரையில் எழுத்தாகக் காட்டி, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ தானாகவே அனுப்பிவிடுங்கள்.

நீங்களே செய்யும் சோதனை

சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்தி முகப்பிலிருந்து பதிவு எண் வரை போய்ப் பாருங்கள். இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் சட்டம் ஒவ்வொரு அழுத்தலிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அழகு கெடுகிறது என்று அந்தச் சட்டத்தை நீக்கிவிடும் வடிவமைப்பாளர்கள் உண்டு. நீக்கியிருந்தால் மீண்டும் கொண்டு வாருங்கள். திறந்த பட்டியலை எஸ்கேப் விசையால் மூட முடிகிறதா, பாப்-அப் பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர முடிகிறதா, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் தலைப்புப் பட்டை நீங்கள் நிற்கும் கட்டத்தை மறைக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு 1280 பிக்சல் அகலச் சாளரத்தை 400 விழுக்காடு பெரிதாக்குங்கள். அது 320 பிக்சல் அகலத் திரைக்குச் சமம். அந்நிலையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் இழுத்துப் படிக்க நேர்ந்தால் அது பிழை. தமிழின் நீண்ட சொற்கள் இங்கேதான் கட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்.

திரைவாசிப்பானைக் கேட்டுப் பழகுங்கள். விண்டோஸுக்கு என்விடிஏ இலவசம். ஐபோனில் வாய்ஸ்ஓவரும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக்கும் உடனே கிடைக்கும். டாக்பேக்கை இயக்கியவுடன் தொடும் முறையே மாறிவிடும், ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். ஆகவே அணைப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு பிறகு இயக்குங்கள். என்விடிஏயில் தலைப்புகளுக்கிடையே தாவ எச் விசையை அழுத்த வேண்டும். திரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே போகும்போது, "பொத்தான்", "பொத்தான்", "இணைப்பு" என்று பெயரில்லாமல் ஒலிக்கும் இடங்கள் உடனே அகப்படும்.

தானியங்கிக் கருவிகளான வேவ், ஆக்ஸ், லைட்ஹவுஸ் ஆகியவற்றையும் ஓட்டுங்கள். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை இவ்வகைக் கருவியால் ஆராய்கிறது. 2024இல் அவற்றில் 95.9 விழுக்காட்டில் பிழைகள் கண்டறியப்பட்டன. ஒளிமாறுபாட்டுக் குறைவே அவற்றில் முதலிடம். மாற்று உரை இன்மை, பெயரில்லாக் கட்டங்கள், வெற்று இணைப்புகள், வெற்றுப் பொத்தான்கள், மொழி குறிக்கப்படாமை ஆகியவை அடுத்து நிற்கின்றன. இந்த ஆறையும் ஒரு மாலையில் சரிசெய்துவிட முடியும். ஆனால் கருவி 100 மதிப்பெண் கொடுத்ததும் படம் பிடித்து நிர்வாகக் குழுவுக்கு அனுப்பிவிட்டு நின்றுவிடக் கூடாது. மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அது பொருத்தமானதா என்று பார்க்காது. எல்லாப் படங்களுக்கும் "படம்" என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் தேர்ச்சி கொடுத்துவிடும்.

தளத்தின் ஓரத்தில் ஒரு சிறு மனித உருவத்தை ஒட்டிவிட்டால் அணுகல் தானாக வந்துவிடும் என்று விற்கப்படும் மேலொட்டு நிரல்களுக்குப் பணம் செலவிடாதீர்கள். அத்தகைய ஒரு நிறுவனம் தன் நிரலைப் பற்றி மெய்ப்பிக்க முடியாத உறுதிகளைச் சொன்னதாகக் குற்றம் சாட்டிய அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம், 2025 ஜனவரியில் அது 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற ஆணையை அறிவித்தது.

பிறரை உட்கார வைத்துப் பார்ப்பது

இதுவரை செய்த அனைத்தையும்விட ஒரு மணி நேரம் பிறர் பயன்படுத்துவதைப் பார்ப்பது அதிகம் கற்றுக்கொடுக்கும். பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே வகைப் பயனர்கள் ஐந்து பேரைக் கொண்டு சோதித்தால் சிக்கல்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். "ஒரே வகை" என்பதைக் கவனியுங்கள். நம் மையத்துக்கு வருபவர்கள் தமிழில் வாசிப்பவர்கள், மலாயில் வாசிப்பவர்கள், திரைவாசிப்பானில் கேட்பவர்கள் எனப் பல வகையினர். தமிழில் மூன்று பேர், மலாயில் மூன்று பேர், திரைவாசிப்பான் பயன்படுத்தும் இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பார்வையற்ற சோதனையாளரை அழைக்கும்போது நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் உரிய தொகையைக் கொடுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லத்தையும், இங்கிருப்பவர்கள் பார்வையற்றோர் சங்கத்தையும் தொடர்புகொண்டு கேட்டுப் பார்க்கலாம்.

அவரவர் கைப்பேசியிலேயே செய்யச் சொல்லுங்கள். தொடங்கும் முன், "அக்கா, இது உங்களுக்கு வைக்கும் தேர்வு இல்லை. தளத்தில் எங்கே கோளாறு என்று பார்க்கிறோம். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு முன்னரே எழுதி வைத்த வேலை வாக்கியத்தைக் கொடுங்கள். அதில் பொத்தானில் உள்ள சொல் வரக்கூடாது. பொத்தானில் "பதிவு" என்று இருந்தால், "மகளை அறிவியல் வகுப்பில் சேர்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் அந்தச் சொல்லைத் தேடும் கண்விளையாட்டாக அது முடிந்துவிடும்.

அதன்பின் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. மிகக் கடினமான பகுதி இதுதான். பாட்டி ஒருவர் "வகுப்பு நேரம்" என்ற தலைப்பைப் பொத்தான் என்று எண்ணி இரண்டு மூன்று முறை தொடுவார், ஒன்றும் நடக்காது, சற்றுப் பலமாக அழுத்துவார், "என் விரல்தான் காய்ந்து கிடக்கிறது" என்று சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். "பாட்டி, கீழே பாருங்கள்" என்று சொல்ல நா துடிக்கும். சொல்லாமல் இருங்கள். அந்தத் தலைப்புக்கு வட்டமுனைப் பெட்டியும் நிழலும் கொடுத்துப் பொத்தான்போல் காட்டியது தளம்தான் என்பது அந்த ஒரு நிமிட மௌனத்தில் உங்களுக்குப் புலப்படும். அவர் உங்களிடம் "இதை அழுத்தலாமா, தம்பி?" என்று கேட்டால், "நான் இங்கே இல்லை என்றால் என்ன செய்வீர்கள், பாட்டி?" என்று திருப்பிக் கேளுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் தளத்தின் மேல் பழி போடமாட்டார்கள், "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று தம்மேல் போட்டுக்கொள்வார்கள். முடிவில் "நன்றாக இருக்கிறது, தம்பி" என்றும் சொல்வார்கள். அந்தப் பாராட்டைக் குறித்துக்கொள்ளாமல் விரல் எங்கே நின்றது, எதைப் படித்துவிட்டுப் பின்னால் போனார், முடித்தாரா இல்லையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனநிறைவை எண்ணாகப் பெற வேண்டும் என்றால், ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் வினாத்தாள் உண்டு. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் பதில். நூற்றுக்குக் கணக்கிட்டால் 68 சராசரியாகக் கொள்ளப்படுகிறது. மிகச் சிலரே சோதிக்கும்போது அந்த எண்ணை அதிகம் நம்ப வேண்டாம்.

திருத்தும் வரிசை

கண்ட குறைகளை ஒரு அட்டவணையில், எந்த வேலையின் எந்த இடத்தில், யாருக்கு, என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். "படிவம் குழப்பமாக உள்ளது" என்று எழுதினால் நிரல் எழுதுபவருக்கு ஒன்றும் விளங்காது. "டாக்பேக்கில் பாடம் தேர்வுசெய்யும் கட்டம் பெயரின்றி ஒலிக்கிறது, பயனர் அங்கேயே நின்றுவிட்டார்" என்றால் உடனே கை வைக்க முடியும். வேலையை முடிக்க விடாமல் தடுத்தவை முதலில், நேரத்தை வீணாக்கியவை அடுத்து, எரிச்சலூட்டியவை கடைசியில். ஒருவருக்கு மட்டுமே நேர்ந்தது என்பதற்காக ஒரு தடையைக் கீழே தள்ளாதீர்கள். பார்வையற்ற ஒருவரால் பணம் செலுத்த முடியவில்லை என்றால் அவரைப் போன்ற அனைவராலும் முடியாது. திருத்தியபின் அதே வேலையை வேறு இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள், ஏனெனில் ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று உடைவது வழக்கம்.

தளத்தைக் கையளித்த பிறகு மாதந்தோறும் அறிவிப்பு ஏற்றப்போவது நீங்களாக இருக்க மாட்டீர்கள், அலுவலகத்தில் உள்ள ஒருவராக இருப்பார். அவருக்காக ஒரே பக்கத்தில், சுவரொட்டியின் தகவலை உரையாகவும் எழுதுவது, மாற்று உரை போடுவது, தலைப்பைத் தலைப்பாகக் குறிப்பது, பழைய எழுத்துருவை மாற்றுவது ஆகிய நான்கை மட்டும் திரைப்பிடிப்புகளோடு விளக்கிக் கொடுத்து, அவர் முன்னிலையிலேயே ஓர் அறிவிப்பை ஏற்றச் செய்யுங்கள். எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில், தொட்டால் அழைப்புப் போகும் உதவி எண் ஒன்றும் இருக்கட்டும். அந்த எண்ணை எடுப்பவருக்கு, அழைத்தவரிடம் விவரம் கேட்டுத் தாமே பதிவை முடித்துக் கொடுக்கும் அனுமதியை நிர்வாகத்திடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.